சரளை மேட்டு அம்சவள்ளி

அம்சவள்ளி என்கிற பெயரைத் தையலம்மாள் முதல்முதலாகக் கேட்டது நெல் அவித்துக்கொண்டிருந்த ஒரு காலையில். அண்டாவிலிருந்து ஆவி கிளம்பி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் தரகர் குந்திக்கொண்டு மாமியார் வள்ளியம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தார். சின்னவன் தங்கவேலுக்குப் பெண் பார்த்திருக்கிறதாம். காட்டேரிக்குப்பத்துப் பக்கம். தகப்பனுக்கு நாலு காணி சரளைக்காடு, மழை பெய்தால் கேழ்வரகு, பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. நகை பெரிதாகப் போட மாட்டார்கள். பெண் பெயர் அம்சவள்ளி.

“பேரு நல்லாக் கீதே,” என்றாள் வள்ளியம்மாள். “அம்சா, அம்சான்னு கூப்புடலாம்.”

தையலம்மாள் கையிலிருந்த துடுப்பு அப்படியே நின்றது.

அவள் செலியமேட்டு ஆதிமூலத்தின் மகள். ஐந்து பெண்களில் மூத்தவள். நன்செய்யில் பிறந்து, எட்டுப் பவுனும் ஒரு ஜோடி மாடும் கொண்டு இந்த வூட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. மாமியார் ஒரு நாளாவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தாடி’, ‘மூத்தவளே’, மகள் பிறந்த பிறகு ‘பாப்பா அம்மா’. புருஷன் சாமிநாதன் அவளைக் கூப்பிடுவது ஒரு இருமலில். இன்னும் வாசப்படி மிதிக்காத ஒருத்திக்கு அதற்குள் செல்லப்பெயர் வைத்தாகிவிட்டது. அடுப்பில் இன்னும் இரண்டு விறகைத் தள்ளினாள். அன்றைக்கு அவித்த நெல் கொஞ்சம் குழைந்துபோனது என்று வள்ளியம்மாள் நாலு நாள் சொல்லிக்காட்டினாள்.

இது முப்பத்தொன்றாம் வருஷம். பாண்டியில் பிரெஞ்சுக்காரன் இருந்த காலம். வில்லியனூருக்கு மேற்கே ஒரு கல் தொலைவில், ஓடைக்கரை ஊர்.

தையலம்மாள் பெயரையும் ஊரார் கேட்டதுண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை. சித்திரையில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதி நடக்கும். அம்மன் குண்டத்தங்கரைக்கு வந்து நின்றதும் முதல் மாலை இந்த வூட்டிலிருந்துதான் போக வேண்டும். மூன்று தலைமுறையாக அப்படி. பூசாரி மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பம்பைக்காரனைக் கை காட்டி நிறுத்திவிட்டு, கடைசியில் நிற்கிறவனுக்கும் கேட்கிறாற்போலச் சொல்வார்: “சாமிநாதன் சம்சாரம் தையலம்மாள் குடுத்த முதல் மாலை.” அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் கிணற்றடித் தோட்டத்தில் குண்டுமல்லி வளர்த்தாள். வருஷம் முழுக்கக் களை எடுத்து, எரு போட்டு, பாத்தி கட்டி, அந்த ஒரு சாயங்காலத்துக்காக.

கல்யாணம் ஆகி அம்சவள்ளி வந்து இறங்கினாள். ஒல்லி, கறுப்பு, கை இரண்டும் காய்ப்பு. சீர் என்று வந்த சாமான்களோடு ஈரச்சாக்கில் சுற்றின ஒரு கட்டுக் குச்சியும் இருந்தது. அத்தனையும் அரளிக் கொம்பு. ஒரு துணி முடிச்சில் வாடாமல்லி விதை.

“விறகும் பொறந்த வூட்டுலேருந்தே கொண்டாந்துட்டாளா,” என்றாள் பக்கத்து வூட்டு கஸ்தூரி. பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். தையலம்மாள்தான் எல்லோரையும்விட நெடுநேரம் சிரித்தாள். புதுப்பெண்ணும் கூடவே சிரித்துவிட்டு, மாமியாரிடம், “அடுப்புல வெச்சுடாதீங்க அத்தே, அரளிப் புகை ஒடம்புக்கு ஆவாது,” என்று குச்சிகளைத் தொட்டிப் பக்கம் நிழலில் ஊன்றி வைத்தாள்.

வள்ளியம்மாள் கண்ணை மூடின மறுவருஷம் பாகம் பிரிந்தது. பாண்டியில் பத்திரம் பதிகிற நொத்தேர் முன்னால் அண்ணன் தம்பி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நன்செய் ஆளுக்குப் பாதி. கிணற்றடித் தோட்டம் பெரியவனுக்கு. ஊருக்கு மேற்கே இருந்த மொட்டை மேடு சின்னவனுக்கு. அந்தப் பிரிவினை சாமிநாதன் புத்தியில் உதித்தது அல்ல. ஒரு மாசம் தினமும் சோறு போடும்போது தையலம்மாள் சொல்லிச் சொல்லி ஏற்றினது. மொட்டை மேடு என்பது செம்மண் சரளை. மண்வெட்டி போட்டால் பொறி பறக்கும். ஆடுகூட அங்கே நிற்காது.

“சரளைக்காட்டுப் பொண்ணுக்குச் சரளைமேடு. பொருத்தமாத்தான அமைஞ்சிருக்கு,” என்றாள் தையலம்மாள், கிணற்றடியில் நாலு பேர் கேட்க.

அம்சவள்ளி தொட்டிப் பக்கம் வேர்விட்டு நின்ற அரளியிலிருந்து கொம்பு வெட்டிச் சேர்த்தாள். ஐப்பசியில் முதல் மழை விட்டதும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். முழங்கை ஆழத்துக்குக் குழி. அதில் நல்ல மண் போடவில்லை, எரு போடவில்லை. கொம்பைச் சாய்த்து வைத்து, தோண்டின சரளையையே திரும்ப அள்ளிப் போட்டு மிதித்தாள். பிறகு கூடை கூடையாகக் கல் பொறுக்கி வந்து ஒவ்வொரு கொம்பின் காலடியிலும் சுற்றிக் குவித்தாள். மற்றவர்கள் நிலத்திலிருந்து கல்லைப் பொறுக்கி வெளியே எறிவார்கள். இவள் செடிக்குக் கல்லைக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

ஊர் நாட்டாண்மை பச்சையப்பன் அந்த வழியாகப் போனவர் நின்று பார்த்தார். “இன்னாம்மா, செடிய கல்லால அடிச்சா வளக்கிற?”

“கல்லுக்கு அடியில ஈரம் உக்காந்திருக்கும் மாமா. வேர்ல வெயில் படாது.”

“தண்ணி?”

“முதல் வருஷம் வாரத்துக்கு ஒரு சொம்பு. அப்பறம் கிடையாது. தண்ணி காட்டினா சோம்பேறியாப் பூடும்.”

பச்சையப்பன் இதைக் கிணற்றடியில் வந்து சொல்லிச் சிரித்தார். தையலம்மாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மூன்று வருஷம் தாங்கியது.

மூன்றாம் வருஷம் பங்குனியில் ஒரு காலை கிணற்றில் கவலை இறைத்த மாட்டைத் திருப்பிவிட்டு நிமிர்ந்த தையலம்மாளுக்கு மேற்கே மேடு சிவப்பாகத் தெரிந்தது. மண் சிவப்பு இல்லை. செவ்வரளி. கொத்துக்கொத்தாக, மேடு முழுக்க. நடுநடுவே வாடாமல்லி, ஓரம் பூராவும் நித்தியகல்யாணி. ஊரில் குளம் வற்றி, வேலி காய்ந்து, பார்த்த பக்கமெல்லாம் வெளுத்துக் கிடக்கிற மாசம் அது. அந்த ஒரு இடம் மட்டும் கல்யாணப் பந்தல் போட்டாற்போல இருந்தது. கிணற்றடியில் எந்தப் பக்கம் நின்று வேலை செய்தாலும் கண் அங்கேதான் போனது. அவளுக்கு மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்தாற்போல எரிந்தது.

வில்லியனூர் சுல்தான்பேட்டை ஷரீப் பாய் பூ வாங்க ஒற்றை மாட்டு வண்டியில் வருவார். அதுவரைக்கும் கிணற்றடியில்தான் வண்டி முதலில் நிற்கும். அந்தப் பங்குனியிலிருந்து வண்டி நேராக மேட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இங்கே நின்றது.

“இன்னா பாய், வழி மாறிப்போச்சா?”

“கோவிச்சுக்காத தங்கச்சி. உன் மல்லி பாண்டி போய்ச் சேர்றதுக்குள்ள வாடிப்பூடுது. அங்க பறிச்சது ரெண்டு நாள் தாங்குது. கல்லுல வளந்தது பாரு, அதும் நெஞ்சும் கல்லு.”

ஊரார் மொட்டை மேடு என்று சொல்வதை விட்டார்கள். “அம்சா மேட்டாண்ட மாடு மேயுது,” “அம்சா மேட்டுக்கு இந்தாண்ட நில்லு” என்று ஆகிவிட்டது. ஒரு நாள் சாமிநாதனே, “அம்சா மேட்டு வழியா வந்தேன்,” என்று வாய் தவறிச் சொன்னான். அன்றைக்கு ராத்திரி அவனுக்குக் குழம்பில் உப்பு இல்லை. அவன் கேட்கவும் இல்லை.

அந்த வருஷ மழைக்கு, அம்சவள்ளி வில்லியனூர் சந்தைக்குப் போயிருந்த ஒரு பகல் நேரத்தில், தையலம்மாள் மேட்டுக்குப் போய்ப் பத்துக் கொம்பு ஒடித்துக்கொண்டு வந்தாள். கேட்டிருந்தால் அம்சவள்ளி கொடுத்திருப்பாள். கேட்கத்தான் வாய் வரவில்லை. கிணற்றடியில் கறுத்த மண்ணைப் பொலபொலவென்று கொத்தி, தொழுவத்து எருவைக் கூடை கூடையாகக் கொட்டி, தினம் தண்ணீர் பாய்ச்சினாள். கல்லில் அப்படிப் பூக்கிறது என்றால் இந்த மண்ணில் எப்படிப் பூக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

செடி ஆள் உயரம் வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் கத்தி நீளம், கரும்பச்சை. பங்குனி வந்தது, சித்திரை வந்தது. ஒரு மொக்கு வைக்கவில்லை.

“இன்னா பெரியம்மா, ஆடு வராம இருக்க வேலி வெச்சியா?” என்றாள் கஸ்தூரி.

“ஆமா. வேலிதான்.”

எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி ஓடையில் எறிந்தாள். ஆனால் எறியும்போது ஒன்று புரிந்திருந்தது. இது கொழுக்க வைத்தால் பூக்காத ஜாதி.

அதே சித்திரையில்தான் அந்தக் காரியம் நடந்தது. தீமிதி அன்றைக்கு மேற்கிலிருந்து அனல்காற்று. அவள் விடிய எழுந்து கட்டின மல்லிகை மாலை, அம்மன் குண்டத்தங்கரைக்கு வருவதற்குள் பழுத்துச் சுருண்டது. பூசாரி தூக்கிப் பிடித்தபோது நாலு பூ உதிர்ந்து கீழே விழுந்தது. அவர் பெயரைச் சொல்லும் குரல் கொஞ்சம் தணிந்துதான் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு பச்சையப்பன் இரண்டு வூட்டு ஆம்பளைகளையும் வைத்துக்கொண்டு சொன்னார்: “உரிமை வூட்டுக்குத்தான். மூத்தவளுக்குன்னு யாரும் எழுதி வெக்கல. வர்ற வருஷம் ரெண்டு வூட்டுலயும் மாலை வரட்டும். எது நல்லா இருக்குதோ அது முதல் மாலை. அந்த வூட்டுப் பொம்பள பேரு.”

தையலம்மாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ‘தங்கவேல் சம்சாரம் அம்சவள்ளி’ என்று பூசாரி கத்துவதும், பம்பை மறுபடி முழங்குவதும் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. மாமியார் வாயில் அவள் பெயர், ஊர் வாயில் அவள் மேடு, இனி அம்மன் சன்னதியிலும் அவள் பெயர்தானா. தனக்கென்று வருஷத்தில் இருந்தது ஒரு மூச்சு நேரம். அதையும் கொடுத்துவிட்டு என்னத்துக்கு இருக்க வேண்டும்.

தை மாசம் கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தது. பேச்சு ஒரு ஓய்வுக்கு வந்தபோது தையலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எங்க கொழுந்தன் வூட்டுச் செடியெல்லாம் கல்லுல கிடந்து காயுது. பாத்தா வயிறு பத்துது. எங்க எருக்குழி நெறைஞ்சு கிடக்குது. ஏரி வண்டலும் வெட்டி வெச்சிருக்கோம். எட்டு வண்டி அனுப்புறேன். எங்க ஆளே போட்டுக் குடுப்பான். வாரத்துக்கு ஒரு முறை கிணத்துத் தண்ணியும் வாய்க்கால்ல வுடறேன். அம்மனுக்குப் போற பூவு. எங்க வூடா இருந்தா இன்னா, அவங்க வூடா இருந்தா இன்னா.”

கூட்டம் அசந்துபோனது. “ஓர்ப்படின்னா இப்பிடி இருக்கணும்,” என்றார் பச்சையப்பன். “எங்க வூட்லயும் ரெண்டு பேரு இருக்காளுவ, கேட்டுக்கங்கடி.”

அம்சவள்ளி கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தையலம்மாள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எதுக்குக்கா உங்களுக்குக் கஷ்டம்?”

“கஷ்டம் இன்னாடி. நீ வேற நான் வேறயா.”

“சரிக்கா,” என்றாள் அம்சவள்ளி.

எட்டு வண்டி எருவும் வண்டலும் போயிற்று. ஆட்கள் கல்லை விலக்கிவிட்டு ஒவ்வொரு செடியின் காலடியிலும் முழங்கால் உயரம் குவித்தார்கள். வாய்க்கால் வெட்டித் தண்ணீர் போனது. மாசி கடைசியில் மேடு பச்சையாகிவிட்டது. தினம் விடிந்ததும் தையலம்மாள் கிணற்றுமேட்டில் ஏறி நின்று மேற்கே பார்ப்பாள். பங்குனி பிறந்து பத்து நாள், பதினைந்து நாள். சிவப்பு இல்லை. வெறும் பச்சை. அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பானகம் குடித்தாற்போல இருந்தது.

ஷரீப் பாய் மேட்டுக்குப் போய் வெறுங்கூடையோடு திரும்பினார். “அந்த மேட்டுக்கு இன்னா ஆச்சு தங்கச்சி? யாரோ நல்லாக் கண்ணு வெச்சிருக்காங்க.”

“யாரு வெச்சாங்களோ பாய். நாம இன்னாத்தக் கண்டோம்.”

ஆனால் அந்த வருஷம் மார்கழியிலேயே மழை நின்றுபோனது. பங்குனி நடுவில் கவலைச் சால் கிணற்றுக்குள் இறங்கி மணலை வாரிக்கொண்டு வந்தது. சாமிநாதன் மாட்டை நிறுத்திவிட்டு வந்தான்.

“இந்தத் தண்ணி மல்லிக்கே காணாது. மேட்டுக்கு வுடறத நிறுத்து.”

“நிறுத்தினா ஊரு இன்னா சொல்லும்? நாட்டாண்ம நேத்துகூட ‘தண்ணி போவுதாம்மா’ன்னு கேட்டுட்டுப் போறாரு.”

“அப்ப மல்லி?”

“தாங்கும்.”

தாங்கவில்லை. குளிர்ந்த மண்ணிலேயே வளர்ந்த செடி, ஒரு வாரம் காய்ந்ததற்கு மொக்கெல்லாம் கருகிக் கொட்டிவிட்டது. தன் கிணற்றுத் தண்ணீரைத் தானே மேட்டுக்கு ஓட்டி ஓட்டி அனுப்பிக்கொண்டு, இங்கே தன் தோட்டம் சாகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. யாரிடம் என்னவென்று சொல்வது.

தீமிதி அன்றைக்குத் தோட்டம் முழுக்க அலசிப் பறித்ததில் ஒரு முறத்தின் அடி மறைந்தது, அவ்வளவுதான். மருக்கொழுந்தை இடையிடையே வைத்து ஒப்பேற்றிக் கட்டினாள். மாலை என்று சொல்லக் கூசும், சரம் என்று சொல்லலாம். ஆனால் மேட்டில் அதுவும் கிடையாதே. அந்தத் தெம்பில் குளித்து, கூறைப்புடவை கட்டி, கூடையைச் சுமந்துகொண்டு குண்டத்தங்கரைக்குப் போனாள்.

அம்சவள்ளி முன்னாடியே வந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் புட்டிக்கூடை. பச்சையப்பன் மூடின வாழையிலையை எடுத்துப் பார்த்தார். கை பருமனுக்கு ஒரு செவ்வரளி மாலை. சாண் விட்டுச் சாண் வாடாமல்லிக் கொத்து. அந்த வெயிலில் ஒரு பூ தலை சாயவில்லை.

தையலம்மாள் தன் கூடைமேல் முந்தானையைப் போட்டு மூடினாள். யாரும் அவள் கூடையைக் கேட்கவுமில்லை.

பூசாரி அரளி மாலையை இரண்டு கையாலும் தூக்கினார். பம்பை நின்றது. கூட்டமெல்லாம் வாயை மூடியது. “யாரு பேரும்மா சொல்லணும், உம் பேருதான?” என்று அம்சவள்ளியைக் கேட்டார்.

“அக்கா பேரச் சொல்லுங்க,” என்றாள் அம்சவள்ளி. “எரு அவங்களது, தண்ணி அவங்களது.”

“சாமிநாதன் சம்சாரம் தையலம்மாள் குடுத்த முதல் மாலை.”

அவ்வளவு உரக்க அவர் எந்த வருஷமும் சொன்னதில்லை. பொம்பளைகள் குலவையிட்டார்கள். பக்கத்தில் நின்ற கஸ்தூரி தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தையலம்மாளுக்கு அது வேறு யாரோ ஒருத்தியின் பெயர்போலக் கேட்டது.

மறுநாள் காலையில் அவள் மேட்டுக்குப் போனாள். அம்சவள்ளி சரிவின் அடியில் கத்திரிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். எரு நிறைந்த மண். செடிகள் கொழுகொழுவென்று இருந்தன.

“ஏது இந்தப் பூவு?”

“தெற்குச் சரிவுல ரெண்டு வரிசை இருக்குதுக்கா. வண்டி ஏறாத இடம். உங்க ஆளு கூடையில சொமந்து போட்டாரு. மறுநாளே வாரி இங்க கத்திரிக்குப் போட்டுட்டேன். வாய்க்கால் அங்க எட்டல. கிணத்தாண்டேருந்து பாத்தாத் தெரியாது, அம்மனுக்குன்னு பாய்க்கும் பறிச்சுக் குடுக்கல.”

“அப்ப உனக்குத் தெரியும்.”

“எங்க ஊருல தவழ்ற கொழந்தைக்கும் தெரியும்க்கா, சரளை அரளிக்கு எரு ஆவாதுன்னு.”

“தெரிஞ்சும் எதுக்குடி வாங்கின?”

“நாலு பேரு நடுவுல குடுத்தீங்க. வேணாம்னா நான் திமிரு புடிச்சவ. வாங்கினாச் செடி போவும். செடி போனாத் திரும்ப வரும், இன்னும் ரெண்டு வருஷத்துல இந்தக் கொழுப்பெல்லாம் கரைஞ்சுடும்.”

தையலம்மாள் வரப்பைத் தாண்டிக் கிட்டே வந்தாள். “எம் பேர எதுக்குச் சொன்ன?”

அம்சவள்ளி கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். “எம் பேரச் சொல்லியிருந்தா அடுத்த தைக்கு ஏரி மொத்தத்தையும் வெட்டி இங்க அனுப்பியிருப்பீங்களே. எனக்குச் செடிதான்க்கா வேணும். பேர நீங்களே வெச்சுக்கங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை, நக்கலும் இல்லை. இருந்திருந்தால் தையலம்மாளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். திட்டிவிட்டு வந்திருக்கலாம். எதற்காக இத்தனை நாள் வெந்து வெந்து செத்தாளோ, அதை எதிரி வேண்டாத கந்தல் துணிபோலத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். வாங்காமல் இருக்கவும் முடியவில்லை.

அதற்கப்புறம் பதினோரு வருஷம். ஒவ்வொரு சித்திரையிலும் அம்சவள்ளி மாலை கட்டினாள், பூசாரி தையலம்மாள் பெயரைச் சொன்னார். தையலம்மாள் ஒரு வருஷமாவது போகாமல் இருந்தாளா என்றால், இல்லை. கூறைப்புடவை கட்டிக்கொண்டு போய் நின்றாள். பெயர் காதில் விழுந்ததும் நெஞ்சு ஒரு தரம் குளிரும், அடுத்த மூச்சில் எரியும். கிணற்றடியில் மல்லியைப் பிடுங்கிவிட்டு வெண்டை போட்டாள். வேலை செய்யும்போது மேற்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். அதற்கு முன்னும் பின்னுமாக அம்சவள்ளிக்கு இரண்டு பெண்ணும் ஒரு பிள்ளையும் பிறந்ததற்கெல்லாம் முறைப்படி மருந்து இடித்துக் கொடுத்தாள், காப்பு போட்டாள், ஒரு குறை வைக்கவில்லை. அம்சா என்று மட்டும் ஒரு நாளும் கூப்பிடவில்லை. ‘இந்தாடி’ என்றுதான் கடைசிவரை.

ஐம்பதாம் வருஷம் மாசியில் தையலம்மாள் மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அந்தச் சித்திரையில் பூசாரி முதல் மாலையைத் தூக்கி, “தங்கவேல் சம்சாரம் அம்சவள்ளி” என்று சொன்னார். அம்சவள்ளி அங்கே இல்லை. மாலையைக் கட்டிப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, மூத்த மகளுக்குப் பிரசவம் பார்க்கக் கிருமாம்பாக்கம் போயிருந்தாள். தங்கவேல் வந்து சொன்னபோது, “பூ கொட்டாம இருந்துச்சா?” என்று கேட்டாளாம்.

தங்கவேலும் போய் வருஷம் ஆகிறது. மேட்டைப் பிள்ளை பார்த்துக்கொள்கிறான். அம்சவள்ளி இப்போது கிருமாம்பாக்கத்தில், கடலூர் ரோட்டுக்குக் கிழக்கே, மூத்த மகள் வூட்டில் இருக்கிறாள்.